உம்மையும் ஓகாரமும் கணினித் திரையும்: அளவையியல் மென்பொருள்கள் பற்றி ஒரு விமர்சனம்

இலங்கையின் க.பொ.த. உயர்தரக் கலைப் பிரிவில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' ஒரு பாடமாக உள்ளது. அது தமிழ்மொழி மூலமும் கற்பிக்கப்படுகின்றது. அதனைத் தெரிவு செய்வோர் யாவரும் அளவையியலில் நாட்டங் கொண்டே தெரிவு செய்கின்றனர் என்று கூறுதற்கில்லை. ஆய்வுகூடம் வேண்டாத பாடம் அது. கரும்பலகையும் வெண்கட்டியும் இருந்தாற் போதும். விஞ்ஞானக் கல்விக்குரிய வசதிகள் மலையகத் தோட்டப் பாடசாலைகளை மிகப் பிந்தியே எட்டின. பலவற்றை இன்னும் எட்டவில்லை. ஆதலின் பதுளை மாவட்டத்தின் தென் விளிம்பிலுள்ள ஹல்துமுல்லைப் பகுதியிலிருந்து உயர்தர வகுப்புக்கு வரும் ஒரு மாணவிக்கு, குறியீட்டு முறையில் ஒழுங்காகச் சிந்திக்கும் பயிற்சி கிடைக்கக்கூடிய வாயில் பெரும்பாலும் இந்தக் கலைப்பிரிவுப் பாடமே. எடுப்பு, வாய்ப்பு, பெறுகை, உண்மை அட்டவணை என்னுஞ் சொற்களை அவள் தமிழிலேயே கற்கிறாள். அதே மாவட்டத்தின் தலைநகரான பதுளையில் 2005இல் நிறுவப்பெற்ற ஊவா வெல்லசப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றது. ஒரே துறையின் இரு பாதிகள் ஒரே மாவட்டத்தில் ஒன்றையொன்று காணாது கிடக்கின்றன.

இந்நிலையில், அளவையியலையும் கணிக்கத்தகுமைக் கோட்பாட்டையும் கற்பிப்பதற்கென எழுந்த மென்பொருள்களை அம்மாணவியின் நிலையில் நின்று மதிப்பிட முயல்கின்றது இக்கட்டுரை. மென்பொருளையும் ஒரு நூலைப் போல விமர்சனத்திற்கு உட்படுத்தலாம். அது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது, எத்தகைய வாசகரைத் தன் மனத்திற் கொண்டு எழுந்தது என்பன நூலுக்குப் போலவே அதற்கும் பொருந்தும் வினாக்கள். இவை ஆங்கிலத்தில் இருப்பதே குறை, பொத்தான்களின் பெயரைத் தமிழாக்கினால் அது தீரும் என்போர் உளர். எமக்கு அது உடன்பாடன்று. குறை, அம்மென்பொருள்கள் வாக்கியத்தை எவ்வாறு கட்டப்பட்டதாகக் கருதுகின்றன என்பதிலே தங்கியுள்ளது.

இவ்வகை மென்பொருள்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது 'டார்ஸ்கியின் உலகம்'. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜோன் பார்வைஸ், ஜோன் எச்செமெண்டி ஆகிய இருவரும் 1980களில் மக்கின்டோஷ் கணினிக்கென இதனை உருவாக்கினர். உண்மை என்னுங் கருத்துக்கு 1933இல் முறையான வரைவிலக்கணம் தந்த போலந்து நாட்டு அளவையியலாளர் அல்பிரட் டார்ஸ்கியின் பெயரை அது தாங்கியுள்ளது. சதுரங்கப் பலகை போன்ற, எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு பலகை. அதன்மீது நான்முகி, கனசதுரம், பன்னிருமுகி என்னும் மூவகைக் கட்டைகள். சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகள். இவ்வளவுதான் அந்த உலகம். மாணவர் ஒரு பக்கத்தில் உலகைச் சமைப்பர். மறுபக்கத்தில் அளவை மொழியில் வாக்கியங்களை எழுதுவர். எழுதிய வாக்கியம் சமைத்த உலகில் உண்மையா பொய்யா என்று கேட்பர்.

இதன் பெருஞ் சிறப்பு அதிலுள்ள விளையாட்டு. ஒரு வாக்கியம் உண்மையென்று மாணவர் கூற, பொறி அது பொய்யென்று விடைகூறினால், அத்துடன் அது நின்றுவிடுவதில்லை. மாணவரை வாதுக்கு அழைக்கின்றது. 'ஒவ்வொரு கனசதுரமும் பெரியது' என்று மாணவர் உறுதிகொண்டால், பொறி பலகையிலிருந்து ஒரு கட்டையைத் தெரிந்து முன்வைத்து, இது கனசதுரமாயின் பெரியதுதானா என்று கேட்கும். 'ஏதோ ஒரு நான்முகி சிறியது' என்றால், அந்த ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டிய கடமை மாணவருடையது. எதிர்மறை வந்தால் இருவர் நிலைகளும் இடம் மாறும். இறுதியில் ஒரு தனிக் கட்டையின் மேல் வாதம் வந்து நிற்கும். அதற்குமேல் மறுக்க இடமில்லை. முழுமைக் கூற்றை உடைக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும் என்பதையும், இருப்புக் கூற்றை நிறுவ ஒன்றையேனும் காட்டவேண்டும் என்பதையும் இதனினுந் தெளிவாக உணர்த்தும் கற்பித்தற் கருவியை யாம் அறியோம். உண்மை அட்டவணையை ஆண்டுதோறும் மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் இறக்கிவைக்கும் நம் மாணவர்க்கு இவ்விளையாட்டு ஒருமணி நேரம் வாய்க்குமாயின், அட்டவணையின் ஒவ்வொரு நிரையும் ஏன் அவ்வாறிருக்கிறதென்பது விளங்கிவிடும்.

ஆயினும் அம்மாணவி இம்மென்பொருளின் முன் அமரும்போது நேர்வது யாது? அவளுக்குரிய முதற் பயிற்சி, இயல்பு மொழி வாக்கியத்தைக் குறியீட்டு மொழிக்கு மாற்றுவது. பாடநூலில் அவ்வாக்கியங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கிலத்தில் முழுமையைக் குறிக்குஞ் சொல் வாக்கியத் தலைப்பில் தனித்து நிற்கும். எதிர்மறைச் சொல்லும் தனித்து நிற்கும். நிபந்தனைச் சொல் நிபந்தனைக்கு முன்னே வரும். குறியீட்டு மொழியும் ஏறத்தாழ அந்த வரிசையிலேயே எழுதப்படுகின்றது. எனவே ஆங்கிலம் அறிந்த மாணவர்க்கு மொழிமாற்றம் என்பது சொல்லுக்குச் சொல் குறி இடுவதாகவே தொடக்கத்தில் அமைந்துவிடுகின்றது. தமிழில் இவை யாவும் சொல்லின் கடைசியில் ஒட்டாக நிற்பன. முழுமை 'உம்' ஆகப் பெயரோடு ஒட்டுகின்றது. நிபந்தனை 'ஆல்' ஆக வினையோடு ஒட்டுகின்றது. எதிர்மறை வாக்கியத்தின் முடிவுவரை காத்திருந்து வினைமுற்றில் வெளிப்படுகின்றது. தலையில் நிற்பதைத் தேடப் பழக்கும் கருவி, வாலில் நிற்பதைக் கவனிக்கும் பழக்கமுள்ளவளுக்கு இடர் தருவதில் வியப்பில்லை. இவ்விடரைத் தமிழின் குறையாகக் கொள்வோர் தமிழ் இலக்கணத்தை ஒருமுறை அளவையியற் கண்கொண்டு நோக்குதல் தகும்.

தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுவர். அவற்றுள் எண்ணும்மை ஒன்று, முற்றும்மை மற்றொன்று. 'கண்ணனும் முருகனும் வந்தனர்' என்பதில் எண்ணும்மை; அளவையியலார் இணைப்பு என்பது இதுவே. 'எல்லாரும் வந்தனர்', 'யாரும் வரலாம்' என்பவற்றில் முற்றும்மை. அளவையியலார் முழுமை அளவாக்கி என்பது இதுவே. இனி ஓகாரத்தை நோக்குக. 'கண்ணனோ முருகனோ வந்தான்' என்றால் உறழ்வு; 'யாரோ வந்தான்' என்றால் இருப்பு. 'ஆவது' என்பதும் அவ்வாறே: 'கண்ணனாவது முருகனாவது', 'யாராவது'. முழுமைக் கூற்று என்பது பலவற்றை 'உம்' இட்டு எண்ணி முடித்தலே. இருப்புக் கூற்று என்பது பலவற்றை 'ஓ' இட்டு உறழ்ந்து வைத்தலே. இவ்வுண்மையைக் குறியீட்டு அளவையியல் மாணவர் பல வாரங் கழிந்து ஒரு தேற்றமாகக் கற்பர். தமிழ் பேசுங் குழந்தை அதனை நாவிலே வைத்திருக்கின்றது. ஆங்கிலத்தில் இணைப்புச் சொல்லும் முழுமைச் சொல்லும் வடிவில் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஆதலால் அம்மொழியில் எழுந்த பாடநூல் இவ்வுறவைத் தொடக்கத்திற் சுட்டாது விட்டது இயல்பே. நாம் அந்நூலைப் பின்பற்றித் தமிழ் வகுப்பிலும் சுட்டாது விடுகிறோம் என்பதுதான் விசித்திரம். அடுத்த அறையில் இலக்கண ஆசிரியர் உம்மையின் எட்டுப் பொருளையும் சொல்லிக்கொண்டிருப்பார். அளவையியல் ஆசிரியர் தம் அறையில் தலைகீழ் எழுத்தொன்றைக் கரும்பலகையில் வரைந்து, இதன் பொருள் 'எல்லாம்' என்று மனனஞ் செய்விப்பார். இருவரும் தேநீர் வேளையிற் சந்திப்பதுண்டு.

இன்னும் ஒரு படி ஆழமாகச் செல்லலாம். 'எல்லா லயங்களுக்கும் மின்சாரம் கிடைக்கவில்லை' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லயத்துக்கேனும் கிடைக்கவில்லை என்பது ஒரு பொருள். சிலவற்றுக்குக் கிடைத்தது, எல்லாவற்றுக்கும் அன்று என்பது மற்றொரு பொருள். எதிர்மறையின் ஆட்சிக்குள் முழுமை அடங்குகின்றதா, முழுமையின் ஆட்சிக்குள் எதிர்மறை அடங்குகின்றதா என்பதே வேறுபாடு. பேச்சில் இதனைக் குரலழுத்தம் தீர்த்துவைக்கும், எழுத்தில் தீர்வதில்லை. நம் இலக்கணகாரர் இதனை அறியாதிருந்தனரல்லர். முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளுந் தரும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் விதி செய்துள்ளன. உரையாசிரியர் அதற்கு எதிர்மறைத் தொடர்களை எடுத்துக்காட்டி, 'எல்லாம் இல்லை' என்பதிலிருந்து 'சில உண்டு' என்பது பெறப்படுமாற்றை விளக்குவர். அளவாக்கியின் ஆட்சியெல்லை என்று இன்று அளவையியலார் கூறும் சிக்கலின் ஒரு கூறே இது. மேலும், 'எல்லாரும் வரவில்லை' என்பது இருபொருட்பட, 'யாரும் வரவில்லை' என்பது ஒருபொருளே படுகின்றது. இரண்டிலும் உம்மை உண்டு; எதிர்மறை உண்டு; வேறுபாடு பெயரின் பகுதியில் உள்ளது. வினாப் பெயரோடு ஒட்டிய உம்மைக்கும் எல்லாம் என்பதோடு ஒட்டிய உம்மைக்கும் எதிர்மறை முன்னிலையில் நடத்தை வேறு. இத்தகைய இணை வாக்கியங்களை முன்வைத்து, ஒவ்வொன்றும் எவ்வெவ் உலகில் உண்மையாகும் என்று கட்டைகளை நகர்த்திக் காணச் செய்வதற்கு டார்ஸ்கியின் உலகத்தை விடப் பொருத்தமான மேடை இல்லை. ஆனால் அந்த மென்பொருள் மாணவி எழுதிய குறியீட்டு வாக்கியத்தை மட்டுமே சோதிக்கும். அவள் மனத்தில் இருந்த தமிழ் வாக்கியத்தை அது அறியாது. இருபொருள் வாக்கியத்தின் ஒரு பொருளை மட்டும் எழுதிவிட்டு அவள் அமைதியுறுவாள். பொறியும் 'சரி' என்று அடையாளம் இடும்.

டார்ஸ்கியின் உலகத்தின் மற்றொரு முற்கோளும் நோக்கத்தக்கது. அவ்வுலகில் ஐயத்திற்கு இடமில்லை. ஒவ்வொரு கட்டையும் அளவும் வடிவும் இடமும் தெரிய நிற்கின்றது. நம் அளவை மரபோ ஐயத்தை முன்வைத்தே தொடங்குகின்றது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை உரைக்கின்றார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளை வகுத்து, எஞ்சிய உபநயம், நிகமனம் ஆகிய இரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்று கூறி, பின்னர் போலிகளை விரிவாக எண்ணுகின்றார். அப்பகுதி வடமொழியிலுள்ள நியாயப் பிரவேசத்தோடு மிக நெருங்கிய ஒற்றுமை உடையதென்பது அறிஞர் கண்ட முடிபு. மலையில் புகை கண்டு நெருப்பை உய்த்துணரும் எடுத்துக்காட்டு யாவரும் அறிந்ததே. அதனினும் நமக்கு வேண்டியது, ஏதுப் போலிகளுள் சித்தாசித்தம் என அவர் பெயரிடும் ஒன்று: கண்டது ஆவியோ பனியோ என்று தெளியாத நிலையிலேயே அதைப் புகையெனக் கொண்டு நெருப்பு உண்டெனத் துணிதல். ஹல்துமுல்லை மலைச்சரிவில் காலையில் எழும் வெண்படலத்தைக் கண்டு வளர்ந்தவர்க்கு இப்போலியைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அவர்கள் நாள்தோறும் அதனைத் தவிர்த்தே வாழ்கின்றனர்.

பார்வைஸும் எச்செமெண்டியும் இக்குறையைத் தாமே உணர்ந்தனர் போலும். 1994இல் அவர்கள் வெளியிட்ட 'ஹைப்பர்புரூவ்' என்னும் மென்பொருளில் அளவோ வடிவோ இடமோ தெரியாத பொருளையும் திரையில் வைக்க இயலும். தெரிந்ததைப் படத்திலிருந்தும், தெரியாததைக் கூற்றுக்களிலிருந்தும் பெற்று, இரண்டையும் கலந்து முடிவுக்கு வரவேண்டும். தரப்பட்ட தகவலிலிருந்து முடிவு பிறவாதெனில், பிறவாது என்பதையே நிறுவிக் காட்டவேண்டும். எம் கணிப்பில் இருவர் படைப்புக்களுள்ளும் கருத்தாழம் மிக்கது இதுவே. இன்று அதிகம் பேசப்படாதிருப்பதும் இதுவே. 1999இல் அவர்கள் வெளியிட்ட 'மொழி, நிறுவல், அளவையியல்' என்ற பொருள்பட்ட பாடநூல் உலகெங்கும் பரவியது. அதனுடன் வந்த திருத்தும் பொறி மாணவர் அனுப்பும் விடைகளைத் தானே மதிப்பிடும். அப்பொறியைப் பயன்படுத்தும் உரிமை நூலின் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு மாணவர்க்கே உரியதாக வைக்கப்பட்டது. ஒரு பிரதியைப் பத்துப்பேர் பகிர்ந்து படிக்கும் பாடசாலை நூலகத்தை மனத்திற் கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடன்று அது. இதன் மேல் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வாய்ப்பு வேறு, உண்மை வேறு என்பது அளவையியலின் அரிச்சுவடி. பெறுகை ஒவ்வொரு படியிலும் விதிக்கு இணங்கினால் வாதம் வாய்ப்பானது. எடுப்புக்கள் உண்மையா என்பது பிறிதொரு வினா. நிறுவலைச் சரிபார்க்கும் மென்பொருள்கள் முதலாவதை மட்டுமே சரிபார்க்கும். சரிபார்க்க இயலுவதும் அதுவே. பச்சை அடையாளம் ஒன்று திரையில் தோன்றியதும் மாணவர் 'உண்மை' என்று கூவிவிடும் ஆபத்து இதில் உண்டு. தோட்டத்து வழக்கொன்று இவ்வேறுபாட்டை அதனினும் நன்கு உணர்த்தும். குறித்த அளவு கொழுந்து எடுத்தவர்க்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். விதி ஐயமற்றது; எவரும் மனத்தால் கணிக்கக்கூடியது. ஆனால் தராசில் ஏறிய நிறையிலிருந்து சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிக்கப்பட்டு, எஞ்சியதே ஏட்டிற் பதியப்படுகின்றது. பதிந்த எண்ணின்மீது விதி பிழையின்றி இயங்கி அரைப்பேர் என்னும் முடிவைத் தருகின்றது. விதியைக் குறை கூறுவதற்கில்லை. உய்த்துணர்வில் ஒரு படியும் வழுவவில்லை. வாதம் முற்றிலும் வாய்ப்பானது. எடுப்பிலுள்ள எண் யாருடையது என்பதுதான் கேட்கவேண்டிய வினா. கொழுந்து பறிக்குந் தாய் இதனை மாலைதோறும் கேட்கின்றாள். அவள் மகள் பாடசாலையில் கற்கும் பாடத்தில் இவ்வெடுத்துக்காட்டு இல்லை. எல்லா மனிதரும் இறப்பர், சோக்கிரட்டீஸ் ஒரு மனிதர் என்பது இருக்கின்றது.

இனிக் கணிக்கத்தகுமைக்கு வருவோம். 1936இல் அலன் டியூரிங், நாடா ஒன்றில் குறியிட்டும் அழித்தும் நகரும் எளிய பொறியொன்றைக் கற்பனை செய்து, எந்திர முறையிற் கணிக்கத்தக்கது யாது என்பதற்கு வரம்பு வகுத்தார். அவ்வரம்புக்கு அப்பாலும் வினாக்கள் உள என்பதையும் அவ்வாய்விலேயே நிறுவினார். தரப்பட்ட பொறி தரப்பட்ட உள்ளீட்டில் எப்பொழுதேனும் நிற்குமா என்பதை எல்லாப் பொறிகளுக்கும் தீர்மானிக்கும் ஒரு பொதுமுறை இல்லை என்று இன்று இவ்வுண்மை கற்பிக்கப்படுகின்றது. பார்வைஸ், எச்செமெண்டி இருவரும் இதற்கென 'டியூரிங்கின் உலகம்' என்னும் மென்பொருளையும் ஆக்கினர். அதனினும் பரவலாக வழங்குவது ஜே-பிளாப் என்பது. சூசன் ரொட்ஜர் என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில், முதலில் ரென்சலர் தொழில்நுட்பக் கழகத்திலும் பின்னர் டியூக் பல்கலைக்கழகத்திலும் வளர்ந்த இம்மென்பொருள் கட்டணமின்றிக் கிடைப்பது. வட்டங்களும் அம்புகளும் வரைந்து தன்னியங்கிகளை ஆக்கலாம். எழுத்துத் தொடர்களை உள்ளிட்டு அவை ஏற்கப்படுகின்றனவா என்று படிப்படியாகக் காணலாம். கரும்பலகையில் ஒருமணி நேரம் அழித்தெழுதிச் செய்வதை இது சில நிமிடங்களிற் செய்துவிடும்.

ஆனால் படம் காட்டும் கருவிக்கு இப்பொருளில் இயல்பான ஓர் எல்லை உண்டு. பொறி நின்றால், நின்றதைத் திரை காட்டும். நில்லாவிட்டால் திரை காட்டுவது யாது? இன்னும் நிற்கவில்லை என்பதை மட்டுமே. 'ஒருபோதும் நில்லாது' என்பது எப்படத்திலும் அடங்காத கூற்று. அதற்கு நிறுவல் வேண்டும். ஐந்து நிலைகளும் இரு குறிகளுமே கொண்ட டியூரிங் பொறியொன்று வெற்று நாடாவில் தொடங்கி 47,176,870 படிகள் ஓடிய பின்னரே நிற்கின்றது. 1989இல் கண்டறியப்பட்ட அப்பொறியே அவ்வளவில் நிற்பவற்றுள் மிக நீண்டது என்பது 2024இல்தான் நிறுவப்பட்டது. ஏனைய பொறிகள் நில்லா என்பதைப் பார்த்துக்கொண்டிருந்து எவரும் அறியவில்லை. ஒவ்வொரு வகைக்கும் காரணங் காட்டி, அக்காரணங்களைக் கணினியாற் சரிபார்த்தே அறிந்தனர். ஜே-பிளாப்பில் ஒரு பொறி நெடுநேரம் ஓடி நிலைகள் பெருகுமாயின், மேலும் தொடரவா என்று அது பயனரைக் கேட்கும். மாணவர் எரிச்சலுடன் அழுத்திக் கடக்கும் அவ்வினாவே அம்மென்பொருளில் உள்ள மிகச் சிறந்த பாடம் என்பது எம் கருத்து. தொடர்ந்தால் பயனுண்டா என்பதை அந்நிரலும் அறியாது. அறியும் பொதுமுறை இல்லை என்பதே தேற்றம். அவ்விடத்தில் நிறுத்தி 'ஏன் இது என்னைக் கேட்கின்றது?' என்று வினவச் செய்யும் ஆசிரியரின்றி, மென்பொருள் தன் தலைசிறந்த கணத்தைத் தானே வீணாக்குகின்றது.

தீர்மான முறை என்பதன் பொருளை ஹல்துமுல்லையில் விளக்க வேறோர் எடுத்துக்காட்டு உள்ளது. அதனைச் சொல்லாது விடுதல் முறையன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை முறையில், 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100ஐக் கடந்தால் எச்சரிக்கை, 150ஐக் கடந்தால் வெளியேறல் எனப் படிகள் வகுக்கப்பட்டுள்ளன. மழைமானியை வாசிக்கத் தெரிந்த எவரும் இயக்கக்கூடிய தீர்மான முறை இது. சில நிலைகளே கொண்ட தன்னியங்கியாக இதனை ஒரு தாளில் வரைந்துவிடலாம். அது தீர்மானிப்பது மழையின் அளவு எல்லை கடந்ததா என்பதை. மலை சரியுமா என்பதையன்று. மழை ஏது, சரிவு சாத்தியம். இரண்டிற்கும் இடையிலுள்ள தொடர்பு அளவையியலாற் கிடைப்பதன்று. மண்ணையும் நீரையும் ஆராய்ந்து பெறுவது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி, ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் அகலவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததென அதிகாரிகள் அப்போது கூறினர். ஆபத்தானதாயின் அகல்க என்னும் விதியில் முன்னெடுப்பு உண்மையென்று எழுத்தில் இருந்தது. அகல்வதற்கு வேறு காணி இருந்ததா என்பது அவ்விதிக்குள் இடம்பெறவில்லை. 'இயலுமாயின்' என்னும் எழுதப்படாத எடுப்பொன்று இடையில் மறைந்து கிடந்தது. மறைந்த எடுப்பை வெளிக்கொணர்தலும் அளவையியற் பயிற்சியின் பாற்பட்டதே.

தமிழிலேயே நிரல் எழுத வகுக்கப்பட்ட 'எழில்' மொழியை இங்குக் கருதாது விடமுடியாது. முத்தையா அண்ணாமலை என்பவரால் உருவாக்கப்பட்டு, 2009இல் ஆய்வுக் கட்டுரை வழி அறிமுகமாகி, பின்னர் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது அது. தமிழ் பேசும் மாணவர் கணிமைக் கருத்துக்களைத் தம் மொழியிற் கற்றல் அதன் நோக்கம். அதன் ஆக்கியோர் சொற்களைத் தமிழாக்கியதோடு நில்லாது, நிபந்தனையை முன்னும் 'ஆனால்' என்பதைப் பின்னும் வைத்தனர். 'வரை' என்னும் மடக்குக் கட்டளையிலும் அவ்வாறே செய்தனர். எச்சம் முன்வரும், முற்றுப் பின்வரும் என்னும் தமிழ்த் தொடரமைப்பை நிரலின் உடலுக்குள் கொண்டுவந்த செயல் இது. இக்கட்டுரை வேண்டிநிற்பதை முதலில் உணர்ந்தவர் அவர்களே எனலாம்.

எல்லா இடத்தும் அவ்வுணர்வு நிலைக்கவில்லை. 'இல்லைஆனால்' என்பதைக் காணும் மாணவி 'இல்லை, ஆனால்...' என்று மறுப்புரையாகவே முதலில் வாசிப்பாள். 'அன்றேல்' என்னும் நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. 'பின்கொடு' என்பது திருப்பித் தருதலைக் குறித்தாலும் பிறகு கொடு என்றே செவியில் விழுகின்றது. சொல்லைப் பற்றிய பேச்சில் நம் நாட்டுக்குரிய ஒன்றையுஞ் சொல்லலாம்: நம் பாடநூல்கள் கணினிச் சுற்றிலுள்ள தருக்க வாயிலைத் 'தருக்கப் படலை' என்கின்றன. யாழ்ப்பாணத்து வீட்டு வேலியை அறிந்தவர்க்கு இனிய சொல்; படலையே இல்லாத லயத்துப் பிள்ளைக்கு அதுவும் ஒரு கலைச்சொல்லே. இவை சிறு குறைகள். பெரிய வரையறை வேறு. எழில் பொறிக்குக் கட்டளையிடக் கற்பிக்கின்றது. ஒரு கூற்று ஏன் உண்மை என்று வாதிடக் கற்பிப்பது அதன் வேலையன்று. டார்ஸ்கியின் உலகம் வாதிடக் கற்பிக்கின்றது; தமிழ் அதன் காதில் விழுவதில்லை.

இவ்விரண்டின் குணங்களும் ஒரு கருவியில் அமைதல் அரிய காரியமன்று. ஹல்துமுல்லை மாணவிக்குக் கட்டைகள் வேண்டா. திரையில் ஆறு லயங்களை வரையலாம். ஒவ்வொன்றிலும் ஏற்றவும் அணைக்கவும் ஒரு விளக்கு. கீழே 'எல்லா லயங்களுக்கும் மின்சாரம் கிடைக்கவில்லை' என்னும் வாக்கியமும், 'எந்த லயத்துக்கும் மின்சாரம் கிடைக்கவில்லை' என்னும் வாக்கியமும். இரண்டாவது பொய்யாகி, முதலாவது ஒரு பொருளில் உண்மையாகவும் மற்றப் பொருளிற் பொய்யாகவும் நிற்கும்படி விளக்குகளை ஏற்றுக என்பது முதற் பயிற்சி. அவள் விளக்கொன்றைத் தொட்டதும் உம்மையின் ஆட்சி எதிர்மறைக்கு உள்ளே விரிவதையும் வெளியே விரிவதையும் வாக்கியத்தின் மேல் இரு கோடுகளாகத் திரை காட்டவேண்டும். அதன்பின் பொறி ஒரு லயத்தைச் சுட்டி 'இதற்கு?' என்று கேட்கலாம்.